ஐம்பது கட்டம்

கிளாக்ஸ்விக் துறைமுகம், விடிகாலை நாலே கால்.
மீன் எடையைப் பதிய முடியாமல்
யால்கிரிம் மூன்றாம் முறை அழைக்கிறார்:
"என் நாயின் பெயர்தான் கடவுச்சொல்.
செத்த நாயானாலும் மறப்பேனா?"

மறக்கவில்லை, தெரியும்.
என் மடிக்கணினியில் நாய் ஓடி வருகிறது.
சர்வரில் மட்டும்
தவறு, தவறு என்று சிவப்பு வரி.

குக்கீ இருக்கிறது. செஷன் இருக்கிறது.
லாக் கோப்பில் ஒரு முனகல்கூட இல்லை.
ஈரக் கோட்டைக் கழற்றாமலே வந்த ரன்வா
"அட்டவணையைத் திற" என்றாள்.
திரையைத் தொட்டுத் தொட்டு எண்ணினாள்.
ஐம்பது.

அறுபது எழுத்தாகக் குழைத்து வருவதற்கு
போன வாரம், புது சர்வரில்,
ஐம்பது கட்டம் போட்டவன் நான்.
மிச்சம் பத்தை
மீன் வால்போல் நறுக்கித் தள்ளியிருக்கிறது,
ஒரு வார்த்தை சொல்லாமல்.

அகலத்தைக் கூட்டிவிட்டேன்.
நறுக்கியது ஒட்டாது.
இருநூற்றுப் பதினோரு படகுக்கும் மன்னிப்புக் கடிதம்.

யால்கிரிமுக்கு நானே ஃபோன் போட்டேன்.
"மறுபடி வையுங்கள். அதே பெயரானாலும் சரி.
வாய்விட்டு மட்டும் சொல்லாதீர்கள்."

அதற்குள்
கூப்பிட்டுவிட்டிருந்தார்,
காற்றுக்கு மேல் கேட்கும்படி.