மணியின் உயரம்

கர்ஜத் லோக்கலில் ஜன்னலோரம் கிடைத்தது.
நல்ல சகுனம் என்றாள் சுனந்தா.
ஞாயிற்றுக்கிழமை, அதுவும் ஊரைவிட்டுப் போகிற திசை,
யாருக்கும் கிடைக்கும் என்றேன்.

இது நாலாவது இடம்.
முதலாவதில் நீச்சல்குளம் இருந்தது,
மாதம் நாற்பத்தெட்டாயிரமும்.
என் பென்ஷன் முப்பத்தொன்று.
குளத்தை ஒரு சுற்று சுற்றி
கொடுத்த எலுமிச்சை ஜூஸைக் குடித்துவிட்டு
திரும்பி வந்தோம்.
இரண்டாவதில் வாடகை குறைவு, லிஃப்ட் இல்லை.
தீபாவளிக்குள் வந்துவிடும் மேடம் என்றார்கள்,
எந்தத் தீபாவளி என்று சொல்லாமல்.
மூன்றாவது, பன்வெல். வீடு பிடித்திருந்தது.
விண்ணப்பத்தில் மகனின் கையெழுத்துக்கு ஒரு கட்டம்,
மகன் இல்லையேல் மருமகன்,
அதுவும் இல்லாதவள் எழுத
கட்டமே இல்லை.

முப்பத்தாறு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்.
யார் யாரையோ யார் யாருக்கோ
இணைத்துக் கொடுத்த கை.
இப்போது ஆன்டாப் ஹில்லில் மூன்றாவது மாடி,
ஐம்பத்தெட்டுப் படி.
எண்ண ஆரம்பித்தது எப்போது, தெரியவில்லை.
போன ஜூலையில் கணுக்கால் பிசகி
பதினேழு நாள் கீழே இறங்கவில்லை;
பால் பாக்கெட்டைக் கயிற்றில் கட்டித்தான் இழுத்தேன்.
தம்பி துபாயிலிருந்து பேசினான்:
எங்களோட வந்துடேன் அக்கா.
வந்துடு என்பதற்கும் வந்துடேன் என்பதற்கும்
நடுவே ஒரு சின்ன இடைவெளி இருக்கிறது.
ஹெட்செட் மாட்டிய காதுக்கு
அது கேட்காமலா போகும்.

நேரலில் இறங்கி ஷேர் ஆட்டோ.
கழுத்தில் டை, ஷூவில் சேறு,
ஓம்கார் என்று ஒரு பையன் சுற்றிக் காட்டினான்.
ஓர் அறை, ஒரு சமையல் மேடை,
மழை பார்க்க ஒரு ஜன்னல்.
மாதம் பத்தொன்பதரை, மதியச் சாப்பாட்டோடு.
நாலு லட்சம் முன்பணம்,
முழுசாகத் திரும்பக் கிடைக்கும் மேடம்.
எப்போது என்றேன்.
அவன் டையைச் சரிசெய்துகொண்டான்.

பிறகு குளியலறை.
வழுக்காத தரை, சுவரில் கைப்பிடி,
கண்ணாடிக்குப் பக்கத்தில் சிவப்பாக அவசர மணி.
அழுத்தினால் இரண்டே நிமிஷம், ஆள் வந்துவிடும் என்றான்.

கைப்பையைச் சுனந்தாவிடம் கொடுத்தேன்.
புடவையை இழுத்துச் செருகினேன்.
மாதிரி வீட்டின் மாதிரிக் குளியலறையில்,
இன்னும் ஒரு சொட்டுத் தண்ணீர் படாத தரையில்,
முதலில் உட்கார்ந்து
அப்புறம் மெல்ல
இடப்பக்கமாகப் படுத்தேன்.

மேடம் மேடம் என்று பதறினான்.
கீழேயிருந்து பார்த்தால்
வாஷ்பேசினின் வயிற்றில் இன்னும் விலைச்சீட்டு.
மணி எங்கேயோ மேலே,
நிற்கத் தெரிந்தவர்களுக்காக.
கையை நீட்டினேன். நீட்டி
விரலையும் நீட்டினேன்.
இரண்டு முழம் குறைந்தது.

விழுந்தவ எழுந்து வந்துதான் கூப்பிடணும்னா
அப்புறம் எதுக்குப்பா கூப்பிடணும்?
அவசரத்தில் தமிழில் வந்துவிட்டது.
சுனந்தா மராத்தியில் சொன்னாள்,
தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்த்து.

பையன் சிரிப்பான் என்று நினைத்தேன்.
மண்டியிட்டான்.
இன்னொரு தடவை நீட்டுங்க மேடம் என்று
என் நடுவிரல் தொட்ட டைல்ஸில்
பேனாவால் ஒரு கோடு போட்டான்.
தரையிலிருந்து ஒரு சாண் இருக்கும்.

ஐந்தாயிரம் கட்டி ரசீது வாங்கியிருக்கிறேன்.
அடுத்த மாதம் வருவேன்,
மறுபடியும் படுத்துப் பார்ப்பேன்,
எட்டினால்தான் மீதிப் பணம்.
இதையும் ரசீதின் பின்னால் எழுதி
அவன் கையெழுத்து வாங்கிக்கொண்டேன்.

திரும்பும்போது உட்கார இடமில்லை.
வாங்கனியில் கூட்டம் ஏறியது.
முதுகெல்லாம் சிமெண்ட் தூளாம்.
எக்ஸ்சேஞ்சில் பக்கத்து நாற்காலியில்
இருபது வருஷம் இருந்தவள்
ஒரு கையால் கம்பியைப் பிடித்து
ஒரு கையால் தட்டிக்கொண்டே வந்தாள்,
கல்யாண் வரைக்கும்,
அங்கே இரண்டு பேருக்கு என்ன ரேட்டு
என்று கேட்டாயா என்றபடி.