இடது புருவம்

சுற்றுக்கும் சுற்றுக்கும் இடையே ஒரு நிமிடம்.
ஸ்டூலைப் போட்டு உன்னை உட்கார்த்தவே பத்து நொடி போய்விடும்,
கூண்டுக் கதவு மூடுமுன் நான் வெளியேற இன்னொரு பத்து.
மிச்சம் நாற்பதுதான் என்னுடையது, இராசில்தா.
பதினொரு வருடமாய்
அந்த நாற்பது நொடிகளில்தான் உன் முகம் எனக்குப் பழக்கம்.

கோச் எதிரே மண்டியிட்டுக் கத்துவான்:
இடுப்பைப் பிடி, வலையோடு தள்ளு, மூச்சு விடு.
என் காதில் அது விழாது.
எனக்குப் புருவம். இடது.

முதலில் பிளந்தது பெலேமில்,
மீன் சந்தைக்குப் பின்னாலிருந்த கூடைப்பந்து அரங்கில்.
கூரை ஒழுகி, கித்தான் தரையில் மழை விழுந்துகொண்டிருந்தது.
பரிசுப் பணம் ஒரு பழைய மோட்டார் சைக்கிளின் பாதி விலை.
ஐஸ் லாரியில் பெட்டி இறக்கிவிட்டு நேரே வந்திருந்தாய்,
கைக்கட்டுத் துணியெல்லாம் மீன் வாடை.
எதிராளி மூக்கைச் சுளித்தாள்.
இரண்டாம் சுற்றில் அவள் கழுத்து உன் கக்கத்தில்.

பிறகு மனௌஸ், சாவ் பாவ்லோ,
பிறகு லாஸ் வேகஸில் ஓர் ஓட்டல் குளியல் தொட்டி.
சுடுநீரில் உப்பைக் கொட்டி, கழுத்துவரை முக்கி
நாலு கிலோவை உன்னிலிருந்து பிழிந்தோம்.
அழக்கூடத் தண்ணீர் இல்லையே என்று சிரித்தாய்.
மறுநாள் இரவு பெல்ட்.
ஆண்களின் அளவுக்குச் செய்தது, வழுகிக்கொண்டே இருந்தது.
எல்லாப் படத்திலும் உன் முதுகுக்குப் பின்னால்
அதை இழுத்துப் பிடித்திருப்பது என் கை.

நான்கு முறை காத்தாய்.
நான்கு முறையும் புருவம் திறந்தது, தாழ் தேய்ந்த கதவு மாதிரி.
குளிர்ந்த இரும்பை வீக்கத்தில் வைத்து,
மருந்துப் பஞ்சை வெட்டுக்குள் செருகி,
மேலே வாசலின்.
என் மனைவியைக்கூட இவ்வளவு கவனமாய்த் தொட்டதில்லை.
அவளே சொல்வாள்.

அபுதாபி.
எதிரே போலந்துக்காரி, இருபத்துமூன்று வயது, இடக்கை.
மூன்றாம் சுற்று முடிந்து வந்து விழுந்தாய் ஸ்டூலில்.
பல்காப்பை எடுத்ததும் என் மணிக்கட்டைப் பிடித்தாய்.
கோச்சுக்குக் கேட்காத குரலில்
"நிறுத்தாதே, தெயோதாத்தோ. ஓடட்டும்" என்றாய்.

ரத்தத்தைத்தான்.
தரையைத் தட்டித் தோற்க உனக்கு வராது.
துண்டை எறிந்தால் கோச்சை மன்னிக்கமாட்டாய்.
புருவத்தில் ஒரு வாசல் இருந்தது, அதன் வழியே போக நினைத்தாய்.
பஞ்சை வைத்தேன்.
அழுத்தவில்லை.
வெளியே நின்ற டாக்டருக்கு என் முதுகு தெரிந்தது,
முழங்கை அசைவது தெரிந்தது.

நாலாம் சுற்று, ஒன்றேகால் நிமிடம். கண் நிறையச் சிவப்பு.
பதிவேட்டில்: மருத்துவர் நிறுத்தினார். வெட்டுக் காயம்.
தெயோதாத்தோவின் கைராசி போய்விட்டது என்றார்கள்.
இரண்டு வருடம் யாரும் கூப்பிடவில்லை.
நானும் மறுக்கவில்லை.

இப்போது உனக்குச் சொந்தமாய் இரண்டு ஐஸ் லாரி.
நேற்று மூன்று மணி மழையில்
உன் பையன்களில் ஒருவன் பெட்டி இடித்து
தாடை கிழிந்து நின்றான்.
மீன் வாங்க வந்த என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாய்.
"இதை நிறுத்து."

கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தேன்.
நாற்பதுவரை எண்ணுவதற்குள் நின்றுவிட்டது.
நீ என் கையைப் பார்க்கவில்லை,
தராசைப் பார்த்தாய்,
கேட்டதைவிட அரைக் கிலோ கூடப் போட்டாய்.