கடைசி ஆள்

கணியம்பாடி தாண்டும்போது மணி ஐந்தே முக்கால்.
இருபத்திரண்டு சைக்கிள், இருபத்திரண்டு சிவப்புப் பொட்டு.
ரயில் போய்விட, அதன் பின்விளக்கு மட்டும்
சிதறி ஊர்ந்துகொண்டிருப்பது போல.

கடைசியில் வருவது என் பொறுப்பு.
பஞ்சர் பசை, உபரிக் கண்ணி, குளுக்கோஸ், கழுத்தில் விசில்.
எனக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது,
அவ்வளவுதான் விதி.

எனக்கு முன்னால் ஏழுமலை.
மூன்று நாளாக அந்த முதுகுதான் எனக்கு வழி.
ராணிப்பேட்டைத் தோல் கம்பெனியில் டிரம் ஓட்டுகிறார்,
தொண்ணூற்றாறு கிலோ.
பேரிலேயே ஏழை வைத்துக்கொண்டு
பாலம் ஏறவே இப்படி மூச்சு வாங்குதே என்று
தேவகிருபை சிரித்தது முதல் நாள்.
இன்று யாரும் சிரிக்கவில்லை.
இன்றுதான் மலை.

அமிர்தியில் இட்லி.
வடகறி இல்லையென்று இர்ஃபானுக்குக் கோபம்.
ஓடையில் கணுக்கால் தண்ணீர்,
வைத்த காலை எடுக்க ஒருவருக்கும் மனமில்லை.
விசில் ஊதினேன்.

ஏற்றம் முதலில் கண்ணுக்குத் தெரிவதில்லை,
தொடைக்குத்தான் தெரிகிறது.
கியரைக் குறைத்தேன். இன்னும் குறைத்தேன்.
விரல் பழக்கத்தில் மறுபடி தட்டுகிறது,
குறைக்க இனி ஒன்றுமில்லை.
முன்னே போனவர்களின் பேச்சு
ஒரு வளைவு மேலே கேட்டது,
பிறகு இரண்டு வளைவு மேலே,
பிறகு வெறும் வண்டுச் சத்தம்.
பாறையில் மஞ்சள் எழுத்து: வளைவில் முந்தாதே.
யாரை?

ஏழுமலை எண்ணுவது காதில் விழுந்தது.
ஒன்றிலிருந்து எட்டு, மறுபடி ஒன்றிலிருந்து.
என்ன கணக்கு என்றேன்.
எட்டுக்கு மேல எண்ணினா எவ்ளோ ஆச்சுன்னு தெரிஞ்சிடும் மேடம்.

ஆறாவது வளைவில் மேலிருந்து ஒரு ஜீப்,
பலாப்பழம், சாமை மூட்டை, நடுவே பதினைந்து பேர்.
பின்கம்பியில் தொங்கியவள் கேட்டாள்:
எவ்ளோம்மா குடுக்கறாங்க இதுக்கு?
நாங்கதான் கட்டினோம், ஆறாயிரத்து ஐநூறு.
ஜீப் மொத்தமும் சிரித்தது.
அந்தச் சிரிப்பு வளைவு வளைவாக இறங்கிப் போவது
வெகுநேரம் கேட்டது.

ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவில்
என் இடது முட்டி.
பதிவுப் படிவத்தில் 'இல்லை' என்று நான் டிக் செய்த அதே முட்டி.
காலை ஊன்றினேன்.
ஏழுமலை நிற்பார் என்று நினைத்தேன்.
நின்னா மறுபடி ஏற மாட்டேன் மேடம், தப்பா நினைக்காதீங்க.
ஐந்து, ஆறு, ஏழு, எட்டு.
முதுகு வளைவைச் சுற்றி மறைந்தது.

தள்ளினேன்.
செருப்பில்லாத ஒரு பையன் ஆட்டோடு வந்து
சைக்கிளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்,
இதை ஓட்டவும் செய்யலாமா என்பது போல.
கீழே ஏதோ ஓர் ஏரி, தகரத் துண்டு.
விசிலை வாயில் வைத்துப் பார்த்தேன்.
ஊதினால் ஓடிவர வேண்டியவள்
நான்தான்.

ஜமுனாமரத்தூரில் எல்லோரும் சாப்பிட்டு முடித்துப்
புளியமரத்தடியில் வாய் பிளந்து கிடந்தார்கள்.
எனக்கான சாமைச் சோற்றை
ஈ மொய்க்காமல் ஹெல்மெட்டால் மூடிக்
காவலிருந்தார் ஏழுமலை.
ஹெல்மெட்டில் பதினாறு ஓட்டை.
இருவரும் பேசிக்கொள்ளவில்லை.
ஊறுகாயை மட்டும் என் பக்கம் நகர்த்தினார்.

காவலூரில் அந்த வெள்ளைக் கூண்டு
பகலில் கண்ணை மூடிக்கொண்டு நின்றது.
அப்புறம் இறக்கம்.
ஏற மூன்றரை மணி நேரம் எடுத்த உயரத்தை
இருபத்தைந்து நிமிடத்தில் திருப்பிக் கொடுத்தோம்,
பிரேக்கைப் பிடித்த விரல்கள்
ஆலங்காயம் வந்தும் விரியவில்லை.

இரவு, கல்யாண மண்டபம்.
நோட்டில் ஒரு கட்டம்: கடைசியாக வந்தவர்.
முதல் நாள் ஏழுமலை. இரண்டாம் நாள் ஏழுமலை.
சாந்தகு வரை எழுதினேன், பேனா தீர்ந்தது.
மீதியை இர்ஃபானின் பச்சை மையில்.

நாளை ஏலகிரி என்கிறார்கள்.
ஜூஸ் கடையில் கேட்டு வாங்கிய ஐஸ்
முட்டியில் உருகிப்
பாயை நனைக்கிறது.