நெல்பா பார்த்த நீலம்

கணினிக்கு இன்றைக்கு
2009 ஜனவரி ஒன்று,
நள்ளிரவு தாண்டிப் பதினோரு நிமிடம்.
எனக்கு ஜூலை, மழை,
அதிகாலை நாலே கால்.
ஐந்தரைக்கு ரிவேரா போகும் முதல் வண்டி.

மதர்போர்டில் காசு அளவு பேட்டரி ஒன்று
செத்துப் போயிருந்தது.
மூட்டை நிறுக்கும் தராசில் அதே காசு இருந்தது.
பிடுங்கி இதில் போட்டேன்.
இன்றிரவு தக்குவரெம்போ பேருந்து நிலையத்தில்
எந்தப் பெட்டிக்கும் எடை இல்லை.

இனி மணி என்னவென்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.
விண்டோஸ் வழியாகச் சொல்லலாமென்றால்
அதன் கடவுச்சொல் மொந்தேவிதேயோவில்
யாரோ ஒருவரோடு போர்வைக்குள் தூங்குகிறது.
ஆகவே அதற்கும் முந்தின வாசலுக்குப் போக வேண்டும்:
கண்விழித்த இயந்திரம்
தான் யாரென்று நினைத்துக்கொள்ளும் முன்
இரண்டே விநாடி திறந்து மூடும்
செட்டிங்ஸ் பட்டிக்கு.

எங்கள் கீபோர்டில் டெலீட்டுக்கு 'சுப்ர்' என்று பேர்.
சுப்ர் சுப்ர் சுப்ர் சுப்ர்
என்று மரங்கொத்திபோல் கொத்தினேன்.
திரை கறுப்பு.
பவர் பொத்தானை அமுக்கிப் பிடித்துக் கொன்றேன்.
மறுபடி எழுப்பினேன்.
கறுப்பு.
எதையும் தொடாமல் விட்டால்
சமர்த்தாக விண்டோஸ் வருகிறது, பழைய தேதியோடு.
தொட்டாலோ
கறுப்பு, அசையாத கறுப்பு.
கல்லுளிமங்கன்.
அந்த வித்தியாசமே பதில் என்பது
எனக்கு உறைக்கவில்லை.

கம்பியில்லாக் கீபோர்டைக் கழற்றிவிட்டு
வாலுள்ள பழையதை மாட்டினேன்.
எஃப் டூ. எஃப் டுவெல்வ். எஸ்கேப்.
ராமைப் பிடுங்கி ஊதிச் செருகினேன்.
மாத்தே ஆறிக் கசந்தது.
என் மைத்துனனையும் திட்டினேன்;
அவனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

சீட்டு கொடுக்கும் ஜன்னலில் விரல் தட்டிற்று.
நெல்பா. மழை பெய்தால் தோர்த்தா ஃப்ரித்தா பொரிப்பவள்,
காகிதத்தில் எண்ணெய் ஊறிய வட்டம் ஒன்றை
உள்ளே தள்ளினாள்.
"ஏபெர், அந்த நீலப்படம் இன்னொரு தரம் வருமா?"
"எந்த நீலம்?"
"கூடத்துல, வண்டி நேரம் போடுற பலகையில.
ஏழு தடவை வந்துச்சு.
நாங்க பார்த்துட்டே இருக்கோம்,
ஒவ்வொரு தடவையும் நீ அணைச்சுடறே."

போய்ப் பார்த்தேன்.
பெஞ்சில் ஒரு சிப்பாய்,
சேணத்தை மடியில் வைத்த பெரியவர்,
தூங்காத பையன் ஒருவன்.
மூவரும் அண்ணாந்திருந்தார்கள், சினிமாவுக்கு வந்தவர்கள்போல.
மே மாதம் சுவருக்கு வெள்ளையடித்தவன்
இரண்டு கேபிளையும் கழற்றி
இடம் மாற்றிச் செருகியிருக்கிறான்.
கதவு ஏழு முறையும் திறந்தது.
நான் நின்ற பக்கம் இல்லை.

கேபிளை மாற்றியிருந்தால் முடிந்துபோயிருக்கும்.
அந்த நேரத்தில் அது தோன்றவில்லை.
நான் உள்ளே, விசையில் விரல் வைத்து.
நெல்பா கூடத்தில் நின்று கத்தினாள்:
"வெள்ளைப் பட்டை மூணாவது வரியில!
கீழே, இன்னும் கீழே! ஐயோ தாண்டிட்டே!"
ஆங்கிலம் தெரியாது அவளுக்கு.
எழுத்துகளைக் கோலிக்குண்டுபோல்
ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சொன்னாள்.
"டி... ஏ... டி... ஈ."
"அதுதான்! அங்கேயே நில்லு!"
"நான் நிக்கிறேன், பட்டை நிக்கணுமே!"

வருடம் ஏற்றினோம். மாதம், நாள்.
நேரம் கேட்டபோது மட்டும்
கூடத்தில் சண்டை வந்தது.
சிப்பாயின் கடிகாரத்தில் ஐந்து மூன்று.
பெரியவர் பையிலிருந்து எடுத்ததில் ஐந்து எட்டு.
பையன் போனில் சார்ஜ் இல்லை.
என் போனைப் பார்த்திருக்கலாம்;
அது சட்டைப்பையில்தான் இருந்தது.
நெல்பா தீர்ப்புச் சொன்னாள்: ஐந்து ஆறு.
எண்ணெய் விரலால் என்டர் தட்டினேன்.

இப்போதும் அந்த நிலையத்து நேரம்
நாட்டின் நேரத்துக்கு ஒரு நிமிடம் முந்தி ஓடுகிறது.
யாரும் புகார் சொன்னதில்லை.
தராசுக்குத்தான் இன்னும் பேட்டரி வாங்கவில்லை.