மருந்துக் காம்பரா

மணம் பிடிக்காத மூக்கு என்று தெரிந்துதான்
சாவியை என்னிடம் கொடுத்தார்கள்.

பதினொரு வருசம் முதுகில் டாங்கி சுமந்து
மலைமலையாய் மருந்தடித்தவன் நான்.
ஒரு ஆவணியில் தவமணி மிளகாய் வறுத்தாள்.
லயமே இருமியது.
நான் மட்டும் உள்ளே வந்து
"இன்னைக்கி என்ன கறி" என்று கேட்டேன்.

எனக்கு முன்னால் ஸ்டோரில் நின்ற செல்லத்தம்பிக்கு
ரெண்டே மாதத்தில் தலையிடி, வாந்தி.
"இவன்னா ஒண்ணுஞ் சொல்லாம நிப்பான்" என்று
கிளாக்கர் ஐயா என் பேரை எழுதினார்.

மஸ்கெலியாவில் மழை பிடித்தால்
தகரத்தின் மேல் இரவும் பகலும் பெரட்டு.
கீழே நான், அடுக்கிக்கொண்டு.
தூள் மேல்தட்டில், தண்ணியாய் இருப்பது அடித்தட்டில்;
ஒழுகினாலும் தூள் நனையக் கூடாது.
களைக்கு அடிப்பது ஒரு பக்கம்,
பூச்சிக்கு அடிப்பது எதிர்ப்பக்கம்.
குளோரின் தூளும் பேட்டரி அசிட்டும்
சீர்வரிசையில் சண்டை பிடித்த சம்பந்திகள்,
நடுவில் சுவர் வேண்டும்.
சுவர் கேட்டு மூன்று கடிதம் எழுதினேன்.
பிறகு அசிட்டைப் பழைய கோழிக்கூட்டுக்குக் குடிமாற்றி
என் காசில் ஒரு பூட்டுப் போட்டேன்.

கசிவு எனக்கு மணக்காது.
அதனால் ஒவ்வொரு கேனுக்கும் அடியில்
ஞாயிற்றுக்கிழமைப் பேப்பர் விரித்திருக்கிறேன்.
காலையில் டோர்ச் அடித்து வாசிப்பேன்.
ஒருநாள்
'மணமகள் தேவை'யின் நடுவே மஞ்சள் வட்டம்.
ரெண்டாம் தட்டு, ஓரத்துக் கேன், மூடியில் வெடிப்பு.
மணலை அள்ளிக் கொட்டும்போது பார்த்தேன்,
மாப்பிள்ளையின் சம்பளம் மட்டும் அழிந்திருந்தது.

கொழும்பிலிருந்து சர்டிபிகேட் கொடுக்க வந்தவர்கள்
கதவில் மண்டையோடு ஒட்டினார்கள்.
சிங்களத்தில் ஒரு வரி, இங்கிலீசில் ஒரு வரி.
அதன் கீழே பலகையில் இடம் இருந்தது.
ஜீப் வளைவு தாண்டியதும்
சிவப்புப் பெயின்ட் தொட்டு எழுதினேன்:
மருந்து.
எழுதிவிட்டு நின்றேன்.
டிஸ்பென்சரியில் வரிசை நின்று
பிள்ளையின் இருமலுக்கு வாங்குவதும் இதே சொல்தான்.
துணியால் துடைத்தேன். போகவில்லை.
அந்தத் தீற்றலின் மேலேயே
நஞ்சு என்று எழுதினேன்.

மறுநாள் கிருபாகரன்
டாங்கியை மாட்டியபடி வாசித்தான், எழுத்துக் கூட்டாமல்.
"அப்ப இவ்வளவு நாளும்
நாங்க என்னத்தண்ணே அடிச்சோம்?"
கையுறையை நீட்டினேன்.
வேறு பதில் இல்லை என்னிடம்.

நிறைந்த கேன் சொன்ன இடத்தில் இருக்கும்.
காலிக் கேன்தான் கால் முளைத்துப் போகும்.
மூன்று தரம் அலசி,
அலசிய தண்ணியை டாங்கியிலேயே ஊற்றி,
ஆணி வைத்து அடியில் மூன்று ஓட்டை.
மாசியில் பீலி நூலாய் விழும்.
புஸ்பலீலா வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நிற்பாள்.
"ஒண்ணே ஒண்ணு ஓட்டையில்லாமத் தாங்கண்ணே,
துணி அலசத்தான்."
அவள் வீட்டில் ஏழு பேருக்கு ஒரு வாளி.
துணி அலசும் கேன்
நாலாம் நாள் அடுப்படிக்கு வந்துவிடும்,
அதுவும் எனக்குத் தெரியும்.
"நல்லா இருப்பீங்க" என்றாள், சாபம் போல.
சுத்தியலை எடுத்தேன்.
அவளுக்குக் கேட்கட்டும் என்றே அடித்தேனோ,
இன்னும் சந்தேகம்.
சம்பளத்தன்று டவுனில்
நல்ல வாளி ஒன்றுக்கு விலை கேட்டேன்.
கேட்டுவிட்டு வந்தேன்.

ஸ்டோரிலேயே சட்டை மாற்றி,
பைப்படியில் மூன்று முறை சோப்புப் போட்டு
வீட்டுக்குள் நுழையாமல் கையை நீட்டுவேன்.
தவமணி மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடுவாள்.
பின்னால் கல்லில் ரொட்டி கருகிக்கொண்டிருக்கும்,
புகையைக் கண்டால்தான் எனக்குத் தெரியும்.
அவள் அவசரப்பட மாட்டாள்.
"இன்னொரு தடவ" என்பாள்.