முட்டை சேர்க்காத யானை

மாதம் நாலு டொலர் தொண்ணூற்றைந்து சதம்.
அந்த விலைக்குக் கிடைத்தது ஒண்டுக்குடித்தனம்.
கண் காணாத ஏதோ ஒரு நாட்டில்
குளிரூட்டிய கொட்டகை,
ஒரே இரும்புப் பெட்டிக்குள் எண்ணூறு தளங்கள்,
எண்ணூறுக்கும் ஒரே வாசல் இலக்கம்.

நான் அங்கே குடிவைத்தவை இருபத்துமூன்று.
டான்டினோங்கில் டயர் மாற்றும் ஸ்டாவ்ரோஸ்,
நகம் தீட்டும் துயேத்,
மூன்று முறை தவறியவர்களுக்கென்றே
கார் பழக்கும் யேசுரத்தினம்,
கேக் செய்யும் நளாயினி.
தலைக்குப் பதினைந்து டொலர் பில் போட்டேன்.
இடையில் நின்ற பத்தில்தான்
மகளின் நீச்சல் வகுப்பு.

சேர்வர் எங்கே இருக்கிறது என்று
ஒருவரும் கேட்டதில்லை.
கேட்டதெல்லாம்
"நீலம் கொஞ்சம் கூடிப்போச்சோ?"

ஜனவரி. வெளியே நாற்பத்தொரு பாகை.
"சனத்திட்டக் காசில்லைப் போல,
பதினொரு நாளா ஒரு ஓடரும் வரேல்லை"
என்றா நளாயினி.
விலையைக் குறைக்கச் சொன்னா.
முகப்பில் சிவப்பால் எழுதினேன்:
இருபது வீதம் கழிவு.
அடுத்த நாளும் ஒன்றுமில்லை.
ஐசிங்கில் பூப் போடும் அமினாவை
இனி வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டா.

அதற்குப் பிறகுதான்
நான் போய்க் கதவைத் தட்டிப் பார்த்தேன்.
'சோதனை' என்ற பெயரில் ஒரு சொக்லேட் கேக்.
நன்றி, விரைவில் தொடர்புகொள்வோம் என்றது தளம்.
கடிதம் போய்ச் சேரவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் எவனோ
ஆண்மை மாத்திரை விற்றிருக்கிறான்.
ஒரே இரவில் இரண்டு லட்சம் கடிதம்.
உலகத்துத் தபால்காரர் எல்லாரும்
எங்கள் வாசல் இலக்கத்தைக்
கறுப்புப் பட்டியலில் ஏற்றிவிட்டார்கள்.
பன்றியோடு சேர்ந்த கன்று என்பார்கள்.
பக்கத்தில் நிற்பது என்னவென்று
கன்றுக்குத் தெரியாது.
கொண்டுபோய்க் கட்டியது என் கை.

உதவிக்கு வந்தவர்
என் பொறுமைக்கு ஏழு முறை நன்றி சொன்னார்.

அன்றிரவே குடிபெயர்த்தேன்.
சிட்னியில் தனி வீடு, தனி இலக்கம்,
மாதம் இருநூற்று அறுபது.
பத்தில் இனி மூன்று சொச்சம் மிஞ்சும்.
முகவரி மாறிய செய்தி பரவ நேரம் எடுத்தது.
விடியும்வரை
பாதிப் பேர் பழைய கதவையும்
பாதிப் பேர் புதிய கதவையும் தட்டினார்கள்.
இரண்டிலும் விளக்கைப் போட்டுவிட்டு
நான் ஆறிய தேநீரோடு இருந்தேன்.

"என்ன நடந்தது?"
"சேர்வர் பிரச்சினை, அக்கா."
எங்கள் தொழிலில் அது
கண்ணூறு மாதிரி ஒரு சொல்.
யாருடைய கண் என்று
எவரும் தோண்டிக் கேட்பதில்லை.

ஆனால்
பழைய வீட்டைக் கூட்டும்போது
மூலையில் கிடந்தன
பத்தொன்பது ஓடர்கள், மணியும் நிமிடமும் போட்டு.
அதில் ஒன்று:
"மகனுக்கு முதல் பிறந்தநாள், இருபத்தொன்பதாம் திகதி.
முட்டை சேர்க்கக் கூடாது.
யானை வடிவம்.
தும்பிக்கை மேலே தூக்கியிருந்தால் நல்லது."
இரண்டு நாள் கழித்து, அதே பெயரில்,
"கிடைத்ததா?"

இன்று முப்பத்தொன்று.

பத்தொன்பதையும் ஒரு கோப்பில் கட்டி
நளாயினிக்கு அனுப்பப் போகிறேன்.
மேலே ஒரு வரி எழுத வேண்டும்.
'சேர்வர்' என்று தொடங்கினேன், அழித்தேன்.
'நாலு டொலர் தொண்ணூற்றைந்து சதம்'
என்று தொடங்கியிருக்கிறேன்.
அமினாவின் தொலைபேசி இலக்கமும்
கேட்க வேண்டும்.