கேட்டது, கேட்காதது

கோத்தகிரியில் கல்லூரியின் பின்கட்டு அறை.
ஜன்னலை அடைத்தாலும் மூடுபனி உள்ளே வந்துவிடும்;
ஹெட்போன் பஞ்சு எப்போதும் லேசான ஈரம்.

முதல் சுற்றில் இருபது மெட்டுகள்.
ஒவ்வொன்றும் பன்னிரண்டு சுரம், சொல் கிடையாது.
எவரும் எங்கும் கேட்டிருக்க முடியாதவை,
அதற்காகவே நான் உட்கார்ந்து கட்டியவை.

பிறகு டீ, இரண்டு வர்க்கி.
வர்க்கி நொறுங்கும் சத்தத்தில் மெட்டு கலையட்டும் என்று
கால் மணி நேரம்.

இரண்டாம் சுற்றில் நாற்பது.
பாதி பழையது, பாதி புதியது.
பழையதிலும் பாதிக்கு உடை மாற்றியிருப்பேன்:
பியானோவில் வந்தது குழலில் வரும்,
குழலில் வந்தது என் குரலில், வெறும் லலலா.
பொத்தான் இரண்டே இரண்டு.
கேட்டது. கேட்காதது.

லிடியா வயலினில் எட்டாம் கிரேடு.
கேட்கும்போதே இடக்கை விரல்கள்
தொடையின் மேல் இல்லாத தந்தியை அழுத்துகின்றன.
எந்த உடையில் வந்தாலும் ஆளைப் பிடித்துவிடுகிறாள்.
முப்பத்தைந்து சரி.
தவறிய ஐந்தும் புதியவை, மோகனச் சாயல்.
மோகனம் என்று பெயர் வைத்ததும்
எல்லோரும் தெரிந்தவர்கள் ஆகிவிட்டார்கள் அவளுக்கு.

சவரிராயன் தேயிலை ஃபாக்டரியில் டிரையர் பார்ப்பவர்.
பதினெட்டு வருடம்.
பாட வராது, சர்ச்சில்கூட வாயசைப்பதோடு சரி என்றார்.
உடை மாறிய பத்தில் எட்டு அவருக்குத் தெரியவில்லை.
மாறாத பத்தில் ஒன்றும் தப்பவில்லை.

நடுவில் ஹெட்போனைக் கழற்றினார்.

"மெட்டு புதுசுங்க. ஆளு பழசு.
இதுக்கு எதை அமுக்கணும்?"

நான் விழித்தேன்.

"பாடுறது நீங்கதான?
பாடுன அன்னிக்கு உங்களுக்கு சளி."

தாளில் இருபத்தேழு என்று எழுதினேன்.
ஆளுக்கும் சளிக்கும்
கட்டம் போட்டிருக்கவில்லை.

இரவு பதிவைப் போட்டுக் கேட்டேன்.
நூறு தடவை கேட்டு வெட்டி ஒட்டியது,
இம்மி சுருதி பிசகினாலும் தூக்கி எறிந்தது.
மூன்றாம் சுரத்துக்கும் நான்காவதுக்கும் இடையில்
மூக்கடைப்பு.
அவ்வளவு தெளிவாக. முதல் நாளிலிருந்தே.
எந்த வாரம் அது? காய்ச்சலா, மழையா?
என் உடம்புக்கு என்ன வந்தது என்பது
எனக்கு நினைவில்லை. மெட்டு இருக்கிறது,
பன்னிரண்டு சுரமும், தலைகீழாகக் கேட்டாலும் சொல்வேன்.

போன செவ்வாய் பஸ் நிறுத்தத்தில் அவரும் நின்றார்.
பத்தடிக்கு அப்பால் ரோடு இல்லை, வெள்ளை மட்டும்.
வளைவுக்குப் பின்னால் ஹாரன்.
எனக்கு விழுந்தது ஒரு ஸ,
மேலே ஒரு க, சற்றே தாழ்ந்து.
அவர் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டார்.
"சோலூர்மட்டம். செல்வம் ஓட்டல இன்னிக்கி,
வேற யாரோ."

வெளிச்சம் வந்தது, பிறகு பெயர்ப் பலகை.
டிரைவரைப் பார்ப்பதற்குள்
கதவு மூடிக்கொண்டது.